கீழ்க்கணக்கு கேமரும் பன்னிரண்டு வாத்துகளும்

பார்க்காத ஒன்றைப் பற்றி அடித்துப் பேசுவதில் என்னை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆளில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பதினெட்டு நிமிடத்தோடு முடிந்துபோனது. நேரம் இவ்வளவு துல்லியமாக எனக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த நிமிடம் வீடியோவாகப் பதிவாகி இன்றைக்கும் பலருடைய போனில் பத்திரமாக இருப்பதுதான்.

எங்களுடையது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம், மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். தோட்டத்தின் பிரிவுகளை நாங்கள் கணக்கு என்போம். மலை உச்சியை ஒட்டியிருப்பது மேல்கணக்கு, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி லயங்கள், அதாவது எங்கள் வரிசை வீடுகள், இருப்பது கீழ்க்கணக்கு. நான் கீழ்க்கணக்கு. பெயர் யோகேஸ்வரி, வீட்டில் யோகா. உயர்தரப் பரீட்சை முடித்ததும் ஹட்டனில் ரியாஸ் நானாவின் போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். (நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.) உடைந்த போன் திரைகளை மாற்றுவது என் வேலை. மிச்ச நேரத்தில் வீடியோ கேம் விளையாடும் கொன்சோல் கருவிகளைச் செய்யும் உலகத்துக் கம்பனிகளுக்கெல்லாம் ஆலோசனை வழங்கி வந்தேன். (அவர்கள் கேட்டார்களா என்று கேட்காதீர்கள்.)

அதற்காகவே ‘கீழ்க்கணக்கு கேமர்’ என்று ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தேன். நிரந்தரப் பார்வையாளர்கள் நாற்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் சொந்தக்காரர்கள், ஒருவர் ரியாஸ் நானா, ஒருவர் வேறு பெயரில் நானே. கொன்சோல் விலை ஏறப்போகிறது என்று செய்தி வந்தால், கமராவைப் பார்த்து விரலை ஆட்டி, “இது சரியில்ல, சொல்லிட்டேன்” என்று எச்சரிப்பேன். இனி டிஸ்க் கிடையாது, எல்லாக் கேமையும் இணையத்தில்தான் இறக்க வேண்டும் என்று அறிவித்தால், லயத்தில் ஒரு பாட்டு இறங்கவே ஒரு பொழுது போகிறது, இவ்வளவு பெரிய கேமை எந்த ஜென்மத்தில் இறக்குவது என்று பொரிந்து தள்ளுவேன். இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று தள்ளிக்கொண்டே போன ஒரு கேமை, ‘எங்க தனி வீட்டுத் திட்டம் மாதிரி’ என்று ஒரு தடவை சொன்னேன். (லயத்துக்குப் பதில் ஆளுக்கொரு வீடு என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருக்கும் திட்டம் அது.) அந்த வீடியோவை மட்டும் மலை முழுக்கப் பார்த்தார்கள். கேம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட ‘சரியாச் சொன்ன தங்கச்சி’ என்று எழுதினார்கள்.

இத்தனைக்கும் என்னிடம் இருந்தது இரண்டு தலைமுறை பழைய கொன்சோல் ஒன்று. நானாவின் கடைப் பின்னறையில் கிடந்ததைத் துடைத்து எடுத்தது. அதில் வண்டியைத் திருப்பும் இடது பக்கக் குச்சி, தொடாமலேயே இடது பக்கம் சாயும். நான் ஓட்டிய கார்கள் அத்தனையும் இடது பக்க மதிலில் மோதியே உயிரை விட்டன. புதிய கொன்சோல் ஒன்றைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து ஒரே ஒரு முறை கண்டியில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் பிடி எப்படி, சூடு எப்படி, பொத்தான் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையெல்லாம் நாளெல்லாம் அதைக் கையில் வைத்திருப்பவளைப் போல விளக்குவேன். கூச்சமே கிடையாது.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன ஸ்டூடியோ. மலைநாட்டு ரயில் ஒன்றை ஓட்டி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஆட்களை ஏற்றி இறக்கும் கேம் ஒன்றைச் செய்து முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். நதீகா என்பவர் எழுதியிருந்தார். கையில் பிடித்து விளையாடும் ஒரு கொன்சோலில் கேமைப் போட்டு அனுப்புகிறோம், விளையாடிப் பார்த்து அறிக்கை எழுதுங்கள், அது நன்றாக இருந்தால் தமிழுக்கும் பரிசோதனைக்கும் எங்களுக்கு நிரந்தரமாக ஒரு ஆள் தேவை என்றார். நிபந்தனை இரண்டு. கருவி அவர்களுடையது, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வர வேண்டும். பெட்டியைத் திறப்பதைச் சேனலில் காட்டலாம், ஆனால் கேமின் ஒரு காட்சிகூட வெளியே போகக்கூடாது.

செய்தியை ஏழு தடவை வாசித்தேன். எட்டாவது தடவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மா கொழுந்து பறிப்பவர். என் சேனலைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே அபிப்பிராயம், அது சோறு போடாது என்பது. சித்தப்பா கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட் தொழிற்சாலையில் எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இந்த மலையை விட்டுப் போக மனமில்லை, கேமை விடவும் மனமில்லை.

“தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது ஒரு வழிக்கு வந்தா சரி. இல்லாட்டி தீவாளி முடிஞ்ச கையோட சித்தப்பாகூட பஸ் ஏறிறணும். பேச்சு மாறக்கூடாது,” என்றார் அம்மா.

“மாற மாட்டேன்ம்மா.”

தீபாவளிக்கு நான்கு வாரம் இருந்தது.

புத்தியுள்ள பிள்ளையாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பார்சல் வரும்வரை இருந்திருக்கும். நான் தோட்டம் முழுக்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், கோவிலில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு ஐயாவிடமும் சொன்னேன். “பெரிய விசயம் ஒண்ணு வருது. கொழும்புல இருந்து. ரொம்பப் பெரிசு!” பெரிது, பெரிது என்று நான் அடித்துச் சொன்ன அந்த வார்த்தை பிறகு என்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளியது என்பதுதான் கதை.

எங்கள் லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. பெயர், கணக்கு, தோட்டம், அவ்வளவுதான். தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு வந்து லயம் லயமாகக் கொடுப்பவர் சுப்பையா மாமா. (உறவு ஒன்றுமில்லை, தோட்டத்துக்கே அவர் மாமா.) கீழ்க்கணக்கில் ஆர். யோகேஸ்வரி என்று இரண்டு பேர் உண்டு. ஒன்று நான். மற்றவர் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் யோகம்மா. அம்மாமார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. இத்தனை வருடத்தில் மாமா எங்கள் இருவரையும் ஒருமுறைகூட மாற்றிக் குழப்பியதில்லை. எனக்குத் தபாலே வந்ததில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கடையிலிருந்து திரும்பியபோது, எங்கள் லயத்து அறையான காம்பராவின் நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. பெட்டியென்றால் சாதாரணப் பெட்டியில்லை. அம்மா அதைச் சுற்றிப் போய்த்தான் அடுப்படிக்குள் நுழைய வேண்டியிருந்தது. மழையில் நனைந்து, அனுப்பியவர் விலாசம் நீலக் கறையாகக் கரைந்து போயிருந்தது. என் பெயரும் கணக்கும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு அது போதும்.

“கையில புடிச்சு வெளையாடுறதுன்னு சொன்ன? இதக் கையில புடிக்க நாலு ஆளு வேணும் போல,” என்றார் அம்மா.

“உள்ள நெறைய ஸ்பாஞ்சு வச்சிருப்பாங்கம்மா. ஒடயாம இருக்கணும்ல.”

“தொறந்து பாத்துரு ஒருக்கா.”

“கமராவுக்கு முன்னாலதான் தொறக்கணும்! அதுதான் நேர்மை!”

நேர்மையாம். அன்றிரவே பெட்டியைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் நேரலை. வேலை நாட்களில் விடியக்காலை ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு எந்த மலையில் யாருக்கு வேலை என்று பிரித்துக் கொடுக்கும் இடம் அது. கீழ்க்கணக்கில் ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். ஞாயிறு என்பதால் களம் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அரைத் தோட்டம் குடையோடு நிற்கிறது. அம்மா வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார். வாயால் சொல்லாவிட்டாலும் அம்மாவும் நம்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை நினைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை, நேரலைக்கு நேரமாகிவிட்டது.

ரியாஸ் நானா ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். கமராமேன் அவர்தான். கடையிலேயே நல்ல போனை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“வெளிச்சம் நல்லா ஈக்கி புள்ள. சொல்லுங்க பிஸ்மி, தொடங்குவோம்,” என்றார். பிறகு கோவில் பக்கம் பார்த்து, “நீங்க ஒங்கட சாமியக் கும்புட்டுக்கோங்க,” என்று சேர்த்துக்கொண்டார்.

தொடங்கினேன். வழக்கமான நாற்பத்தொரு பேருக்குப் பதிலாக அன்றைக்கு நூற்றுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ ஏறிவிட்டது. பெட்டியைத் திறக்காமலேயே பேச ஆரம்பித்தேன். உலகத்துப் பெரிய கம்பனிகள் எங்கே தவறின என்று பேசினேன். பழைய கேமுக்கே புது வர்ணம் பூசி மறுபடி விற்பதைக் கண்டித்தேன். எதிர்காலம் சின்ன ஸ்டூடியோக்களின் கையில்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். இது மட்டும் பதினாறு நிமிடம். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். அது சுலபமாகத் தலைக்கு மேலே போய்விட்டது.

“பாத்தீங்களா? எவ்வளவு பெரிசு, ஆனா எவ்வளவு லேசு! இதுதாங்க அடுத்த தலைமுறை. கனத்தக் குறைக்கிறது எப்புடின்னு பெரிய கம்பனிங்க மண்டையப் போட்டு ஒடைக்கிறாங்க. நம்ம நாட்டு ஆளுங்க செஞ்சு காட்டிட்டாங்க!”

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் நின்ற அப்பா தன் கவ்வாத்துக் கத்தியை நீட்டினார். தேயிலையை வெட்டி ஒழுங்கு செய்கிற அந்த வளைந்த கத்தியால் டேப்பைக் கிழித்தேன். மூடியைத் திறந்தேன்.

முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் தலை. பிறகு ஆரஞ்சு நிற அலகு. பிறகு இரண்டு கறுப்புக் கண்கள், என்னை நேராகப் பார்த்தபடி. வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் வாத்து. முதுகில் வட்டமாக ஒரு குழி.

இந்த இடத்திலாவது வாயை மூடியிருந்தால் பாதி மானம் மிஞ்சியிருக்கும். என் வாய் அப்படிப்பட்டதில்லை.

“இது... இது ஸ்டாண்டுங்க. கொன்சோல வச்சு சார்ஜ் போடுற ஸ்டாண்டு. வாத்து டிசைன்ல குடுத்திருக்காங்க. குடும்பத்தோட வெளையாடுற கேம்ல, அதுக்குப் பொருத்தமா... இந்தக் குழி இருக்கு பாருங்க, இது காத்துப் போறதுக்கு. எவ்வளவு நேரம் வெளையாடினாலும் சூடாகாது.”

குழிக்குள் கையை விட்டும் காட்டினேன். பெட்டிக்குள் இன்னொரு வாத்து தெரிந்தது. அதற்கு அடியில் இன்னொன்று.

“அடியே யோகா!” கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மலை முழுக்கக் கேட்டது. “அது புள்ளைங்க ஆய் போற சட்டிடி!”

பத்து மணி பதினெட்டு நிமிடம்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஒருவர் குடையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ரியாஸ் நானா சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் குலுங்கியதில் வீடியோ முழுக்க நிலநடுக்கம் வந்தது போல ஆடுகிறது. போனில் கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘பிடி எப்படி இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘ஒரே நேரத்தில் இரண்டு பேர் விளையாட முடியுமா?’ என்று இன்னொருவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யோகம்மா முன்னால் வந்தார்.

“ஐயோ, இது எனக்கு வர வேண்டிய சாமானு! மூணு மாசமா எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கேன், வரலையே வரலையேன்னு பாத்தா...” என்று ஒவ்வொரு வாத்தாக எடுத்து மடியில் அடுக்கினார். “பன்னெண்டும் இருக்கு. நல்ல பெலமாத்தான் இருக்கு.”

அவருடைய பெட்டி என்னிடம் இருக்கிறது என்றால்?

“யோகம்மா, ஒங்களுக்கு நேத்து ஏதும் பார்சல் வந்துச்சா? சின்னதா?”

“ஆமா, அந்த ரயிலு டீவியா? யாரோ புள்ளைங்களுக்கு வெளையாடக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். நேத்து முழுக்க எல்லாம் அதுமேலதான் கெடந்துச்சிங்க. உள்ள இங்கிலீசுல ஒரு கடுதாசி இருந்துச்சி, அத பத்திரமா பைல்ல போட்டு வச்சிருக்கேன்.”

எல்லோரும் திரும்பி சுப்பையா மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஒரு அடி பின்னால் வைத்தார். ஆனால் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது.

“ரெண்டு பெட்டிலயும் ஒரே பேரு. நான் என்னா செய்யிறது? பத்து நாளா பெரிய விசயம் வருது, பெரிய விசயம் வருதுன்னு நீதானம்மா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? அதான் பெரிசக் கொண்டாந்து ஒனக்குக் குடுத்தேன். சின்னப் பெட்டில வெளையாட்டுச் சாமான் படம் போட்டிருந்துச்சி. சின்னது சின்னப் புள்ளைங்களுக்குத்தானேன்னு அங்க குடுத்தேன்.”

பிள்ளைக்காம்பராவை நோக்கி ஓடினேன். பின்னால் யோகம்மா சாவியோடு, அதற்குப் பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் அரைத் தோட்டம். ரியாஸ் நானா போனை நீட்டியபடியே ஓடி வந்தார். நேரலையை நிறுத்தச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, நிறுத்த அவருக்கும் தோன்றவில்லை.

யோகம்மா அலுமாரியைத் திறந்து, தலையணை உறையில் சுற்றி வைத்திருந்த கருவியை எடுத்துக் கொடுத்தார். ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வர வேண்டிய கருவி. திரை முழுக்கச் சத்துமாக் கஞ்சி காய்ந்து கிடந்தது. ஒலி வரும் ஓட்டைகள் அடைத்திருந்தன. வலது பக்க மூலையில் நான்கு சின்னப் பற்களின் தடம் அச்சு மாதிரி பதிந்திருந்தது. பொத்தானை அமுக்கினேன். கடவுள் இருக்கிறார், திரை ஒளிர்ந்தது. அடைத்துக்கொண்ட குரலில் ரயில் கூவியது.

“இங்க பாரு, ஒனக்கு ஒண்ணு காட்டுறேன்,” என்று யோகம்மா ஆசையாக என் கையிலிருந்து வாங்கினார். “இதுமேல எந்தப் புள்ளையாவது ஒக்காந்துச்சின்னா ரயிலு பறக்கும்.”

இரண்டு உள்ளங்கையாலும் எல்லாப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கினார். ரயில் தண்டவாளத்தை விட்டு எழும்பி, சுரங்கத்துக்கு மேலாக, மலைக்கு மேலாகப் பறந்து போய், அடுத்த ஸ்டேஷனில் ஒன்றும் நடக்காதது போல இறங்கி நின்றது.

அப்போதுதான் ரியாஸ் நானாவின் கையில் இருந்த போன் என் கண்ணில் பட்டது. கேமின் ஒரு காட்சிகூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே சிமெந்துத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். வெட்கத்தில் அழுதேன், பயத்தில் அழுதேன், கார்மெண்ட் பஸ்ஸை நினைத்து அழுதேன்.

“எதுக்குப் புள்ள அழுறீங்க?” நானா போனைத் திருப்பிக் காட்டினார். “கோவில் வளைவுலயே சிக்னல் போயிட்டே. இங்க எடுத்தது ஒண்ணும் வெளிய போகல்ல.”

கோவில் வளைவுக்குக் கீழே சிக்னல் இல்லை என்று நான் எத்தனை வீடியோவில் திட்டியிருக்கிறேன்! அன்றைக்கு அந்த இல்லாத சிக்னலைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாத்து வரைக்கும் உலகத்துக்குப் போயிருந்தது. ரயில் தப்பித்துவிட்டது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முந்தானையால் முதலில் கருவியைத் துடைத்தார், அதற்குப் பிறகுதான் என் முகத்தை. “ஓடுதுல்ல? அப்பறம் என்னா? தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்கு. நடந்தத நடந்தபடி எழுதி அனுப்பு.”

நடந்ததை நடந்தபடி எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததேயில்லை. திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து நான் முதலில் எழுதியது சுத்தப் பொய். வருகிற வழியில் பார்சல் அடிபட்டுவிட்டது என்று நீட்டி முழக்கியிருந்தேன். ரியாஸ் நானா பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒலி ஓட்டைகளில் இருந்த கஞ்சியைச் சுரண்டிக்கொண்டே அதை வாசித்தார்.

“கஞ்சி போயிரும். இந்தப் பல்லு அடயாளம் போகாது புள்ள. லொறி கடிச்சிச்சுன்னு எழுதுவீங்களா?”

அழித்தேன். அந்த வாரம் மத்தியான நேரங்களில் நானாவிடம் விடுப்பு வாங்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். கருவியை நடுவில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கேமைப் பற்றிப் பேசாமல் ஐந்து நாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எதையெதையோ கண்டுபிடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்து ரயில் நின்றால் பிள்ளைகள் அழுதார்கள், அங்கே காத்திருப்பதற்கு ஒரு பாட்டாவது வேண்டும். பொத்தான்கள் சின்ன விரலுக்கு எட்டவில்லை. பறக்கும் ரயிலை அவர்கள் பிழையாகவே நினைக்கவில்லை, அதுதான் கேம் என்று நினைத்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது மூன்று வயது தர்ஷினி. அவளுடைய ரயில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டது. மேடையில் ஒரு பொம்மைப் பாட்டியும் மூட்டையும் நின்றுகொண்டிருந்தன.

“அம்மாயி நிக்கிது,” என்றாள்.

“அது போச்சு பாப்பா. அடுத்த ஸ்டேஷனுக்குப் போவோம்.”

“அம்மாயி நிக்கிது!” கருவியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பாட்டியை ஏற்றாமல் ஒரு அடி நகர மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். ரயிலைப் பின்னால் எடுக்க அந்தக் கேமில் வழியே இல்லை. ஆயிரம் கேமைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன எனக்கு, விட்டுவிட்டு வந்த ஆளைத் திரும்பிப் போய் ஏற்றலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டியை நான் கவனித்ததேயில்லை.

இதையெல்லாம் அப்படியே எழுதினேன். பெட்டி மாறியதை எழுதினேன், கஞ்சியை எழுதினேன், பற்தடத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். கடைசியில், ‘இந்த அறிக்கையை எழுதியது நான், பரிசோதித்தது பதினான்கு பேர், அதில் ஒருவருக்கும் இன்னும் ஐந்து வயது ஆகவில்லை’ என்று முடித்தேன். கருவியைப் பொதி செய்து அனுப்பிவிட்டு, கார்மெண்டுக்குப் போக எந்தப் பையை எடுத்துக்கொள்வது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

நான்காம் நாள் கடைக்கு போன் வந்தது. நதீகா. எடுத்தவுடன் அவர் பேசவில்லை, சிரித்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. பிறகு தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில், “நங்கி, அந்த வாத்துக்கு சார்ஜர் தனியாக வாங்க வேண்டுமா?” என்று கேட்டார். ஸ்டூடியோவே உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அவர் குரல் மாறியது. இரண்டு வருடமாக நாங்கள் விளையாடிப் பார்த்தும் அந்த ரயில் பறந்ததேயில்லை என்றார். யாரும் அதன்மேல் உட்கார்ந்து பார்க்கவில்லையாம். ரயில் பின்னால் போக இனி வழி வைக்கப்போகிறோம், அந்தப் பாட்டிக்காக என்றார். மற்றவர்கள் அனுப்பிய அறிக்கைகளில் கேம் நன்றாக இருக்கிறது என்றுதான் இருந்ததாம். யார் எந்த இடத்தில் அழுதார்கள் என்று எழுதியது நான் மட்டும்தானாம். வேலை எனக்குத்தான், ஹட்டனில் இருந்தே செய்யலாம், கடிதம் தபாலில் வருகிறது என்றார்.

தபாலில் என்றதும் எனக்குச் சுப்பையா மாமாவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு சுப்பையா மாமா வந்தார். கடிதத்தை என் கையிலும் கொடுக்கவில்லை, யோகம்மா கையிலும் கொடுக்கவில்லை. இரண்டு பேரையும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லி, அம்மாவைச் சாட்சிக்கு நிறுத்தி, உறையை நடுவில் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிங்க. ஒண்ணாத் தொறங்க. பொறகு என்னையச் சொல்லக்கூடாது.”

யோகம்மா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக் கிழித்தோம். உள்ளே இருந்தது எனக்கான கடிதம். நான் உரக்க வாசித்தேன். பாதிக்கு மேல் அம்மா காதில் வாங்கவேயில்லை. கொழுந்துக் கறை படிந்த இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சித்தப்பாவுக்கு போன் போட்டு, “அவ வரல தம்பி. இங்கயே இருக்கா,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தக் கேம் வெளியாகி, முடிவில் ஓடும் பெயர்களில் ‘பரிசோதனை: கீழ்க்கணக்குப் பிள்ளைக்காம்பரா’ என்று ஒரு வரி போகிறது. யோகம்மா அதைப் பார்ப்பதற்காகவே கடைசி ஸ்டேஷன் வரை ஓட்டக் கற்றுக்கொண்டார். பறக்கும் ரயிலை அவர்கள் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு வாத்துகளில் பதினொன்று இன்றும் பிள்ளைக்காம்பராவில் கடமையில் இருக்கின்றன. ஒன்று என் மேசையில் இருக்கிறது. யோகம்மா அதைப் புதிதாகவே, பாவிக்காமல் கொடுத்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் நம்புங்கள், கொன்சோலை அதன்மேல் வைத்தால் உண்மையிலேயே சூடாவதில்லை.

சேனல் இன்னும் நடக்கிறது. ஆனால் இப்போது கையில் எடுத்து விளையாடியதைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்று ஒரு விரதம். போன வாரம் அது கொஞ்சம் தடுமாறியது. புதிய கொன்சோல் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். சோறு சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் ஆரம்பித்தேன், இந்தத் தடவை பாருங்கம்மா, இதுவரைக்கும் யாரும் செய்யாததச் செஞ்சிருக்காங்க, உலகமே மாறப்போவுது என்று.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

“பெட்டியத் தொறந்தாச்சா?”

“இல்லம்மா, அது அடுத்த வருசந்தான் வரும்.”

“அப்ப சும்மா இரு. வாத்தா இருக்கப் போவுது.”